முனை, வளையம், உறை

1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறந்தபோது அதன் பலகையில் கம்பி நுனியில் செருகும் பின்னும் இல்லை, அதை ஏற்கும் ஜாக்கும் இல்லை. ஜார்ஜ் காய் என்பவர் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு அந்தப் பலகையைச் செய்திருந்தார். குதிரை வண்டிக்குப் போடும் போல்ட்டு, தேநீர்க் கெண்டி மூடியின் பிடி, அந்தக் காலத்துப் பெண்களின் பாவாடை விறைத்து நிற்பதற்காக உள்ளே வைக்கும் கம்பி, இவைதான் உறுப்புகள். சந்தாதாரர்கள் 21 பேர். ஒரே நேரத்தில் இரண்டு உரையாடலுக்கு மேல் தாங்காது. 21 பேருக்கு அது போதும். ஊரே தொலைபேசி கேட்கத் தொடங்கிய பிறகுதான் தேவை என்னவென்று தெரிந்தது. எந்த வீட்டையும் எந்த வீட்டோடும் நொடியில் இணைக்க வேண்டும், பேச்சு முடிந்ததும் நொடியில் பிரிக்க வேண்டும். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிச் செய்கிற வேலை இல்லை அது.

அதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் சிகாகோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த சார்லஸ் ஸ்க்ரிப்னர். அப்போது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். பின்னாளில் 441 காப்புரிமைகள் அவர் பெயரில் சேர்ந்தன. அவருடைய முதல் இணைப்பான் பார்ப்பதற்கு மடக்குக் கத்தி மாதிரி இருந்ததால் அதற்கு ஜாக்நைஃப் என்று பெயர் விழுந்து, அது தேய்ந்து ஜாக் ஆயிற்று. வடிவம் பலமுறை மாறி, கடைசியில் கால் அங்குலத் தடிமனுள்ள உருண்டையான பின்னாக நிலைத்தது. 6.35 மில்லிமீட்டர். இன்று மைக் செட்காரர்கள் பி-38 என்று கேட்டு வாங்குகிற பின்னும், கிட்டார் வாசிப்பவர் தோளில் சுற்றிக்கொண்டு வருகிற கேபிளின் நுனியும் அந்த வம்சம்தான்.

அந்த வேலையை ஒரு முறை கண்ணால் பார்த்தால்தான் பின்னின் ஒவ்வொரு அங்கமும் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். சந்தாதாரர் தன் கருவியின் கைப்பிடியைச் சுழற்றுவார். இணைப்பகப் பலகையில் அவர் எண்ணுக்கு மேலிருக்கும் சின்னத் தகடு ஒன்று சட்டென்று கீழே விழும். ஆபரேட்டர் ஒரு கயிற்றின் பின்னை எடுத்து அவருடைய ஜாக்கில் செருகி, யார் வேண்டும் என்று கேட்பார். அதன் ஜோடிக் கயிற்றின் பின்னை மற்றவருடைய ஜாக்கில் செருகி மணியடிப்பார். பேசி முடித்ததும் இரண்டையும் உருவி விட்டால், மேசைக்கு அடியில் கப்பியில் தொங்கும் எடை கயிற்றை இழுத்து அதன் இடத்தில் உட்கார வைத்துவிடும். ஒரு நாளில் இதை எத்தனை நூறு முறை செய்தார்களோ.

அவ்வளவு வேகத்தில் பின்னின் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் அது உருண்டை. யூஎஸ்பி வந்து, முதல் தடவை செருகும்போது பெரும்பாலும் தலைகீழாகவே பிடித்து, திருப்பிப் பிடித்து, மறுபடி திருப்பிய ஒரு தலைமுறை முழுதும் அனுபவித்த தொல்லையை 19-ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்து வைத்த வடிவம் இது. நுனியில் குமிழ், அதன் பின்னே ஒரு இடுக்கு. ஜாக்கின் உள்ளே இருக்கும் வில்தகடு அந்த இடுக்கில் விழுந்து கொள்ளும்போது விரலுக்கு ஒரு சொடுக்கு தெரியும். சரியாகப் போய்விட்டது என்பதற்குக் கண் வேண்டியதில்லை.

வில்தகட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பின் உள்ளே நுழையும்போது தகடு மேலே தூக்கப்பட்டு, அதுவரை அது தொட்டுக்கொண்டிருந்த இணைப்பு அறுபடும். அதாவது ஆபரேட்டர் பின்னைச் செருகிய கணமே, விழும் தகட்டுக்குப் போகும் மின்சாரப் பாதை தானாகத் துண்டிக்கப்படும். தனியாக ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டாம். ரேடியோவில் ஹெட்போன் போட்டதும் ஸ்பீக்கர் தானாக வாயடைத்துப் போகிறதே, அதே ஏற்பாடுதான். இணைப்பகத்தில் பிறந்த பழக்கத்தை நூறு ஆண்டுக்குமேல் அந்தச் சின்னத் தகடு விடவில்லை.

வளையம் வந்த கதை தனி. ஆரம்பத்தில் ஒரு தொலைபேசிக்கு ஒரே கம்பிதான். திரும்பும் பாதை பூமி. ஊருக்குள் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும் அந்தப் பூமி வழியாக எல்லா இரைச்சலும் காதுக்குள் வந்தது. அதனால் இரண்டு கம்பி போட வேண்டியதாயிற்று. ஒன்று பின்னின் முனைக்கு, மற்றது முனைக்குக் கீழே உள்ள வளையத்துக்கு. கேட்கும் கருவி இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும். இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறுகிற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், அதாவது பேச்சு, அது மட்டும் காதில் விழும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மிச்சமிருந்த தண்டுப் பகுதி, அதாவது உறை, காவல் வேலைக்குப் போயிற்று. நகரங்கள் பெருத்து, ஒரே சந்தாதாரரின் ஜாக்கை ஒவ்வொரு ஆபரேட்டர் முன்னாலும் வைக்க வேண்டி வந்தபோது, வேறொரு ஆபரேட்டர் அவரை ஏற்கெனவே யாருடனாவது இணைத்துவிட்டாரா என்று தெரிய வேண்டும். பின்னின் முனையால் ஜாக்கின் உலோக விளிம்பை லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். காதில் டிக்கென்று கேட்டால், வேறெங்கோ செருகிய பின்னின் உறை வழியாக அந்த விளிம்புக்கு மின்சாரம் வந்திருக்கிறது, அவர் பேசிக்கொண்டிருக்கிறார். கேட்காவிட்டால் செருகலாம். தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இந்த வித்தையை யோசித்தவரை நான் மிகவும் மதிக்கிறேன். கூடுதலாக எந்தக் கருவியும் இல்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் பின்னே விசாரித்துச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. முதலில் வேலைக்கு வைத்த பையன்கள் சந்தாதாரர்களிடம் மரியாதையில்லாமல் பேசினார்கள் என்று, 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். உலகின் முதல் பெண் ஆபரேட்டர் அவர். பிறகு அது பெண்களின் வேலையாகவே ஆயிற்று.

மதராஸுக்குத் தொலைபேசி இணைப்பகம் வந்தது 1882 ஜனவரி 28. நியூ ஹேவனுக்குச் சரியாக நான்கு ஆண்டு கழித்து, அதே தேதி. ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது. இங்கே இடம் ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெரு. அங்கிருந்து தொடங்கிய பயணம் மெதுவானது. ஆபரேட்டர் இல்லாமல் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நேரடியாக எண் சுழற்றும் எஸ்டிடி இந்தியாவில் 1960-இல்தான், கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. அதற்குப் பிறகும் நம் சிற்றூர்களில் பல ஆண்டுகள் ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு, ஃபோன் இருக்கும் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்கள் உண்டு. அந்தக் காத்திருப்பின் மறுமுனையில் ஒரு பெண் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு லைன் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தானியங்கி இணைப்பகம் பின்னின் முதல் வேலையைப் பறித்தது. ஆனால் அதற்குள் பின் வேறு வீடுகளுக்குக் குடிபோய்விட்டது. 1926-இல் ஹாலிவுட் படங்களோடு ஒலி சேரத் தொடங்கியபோது ஒலிக் கருவிகளைச் செய்து கொடுத்தது அதே வெஸ்டர்ன் எலக்ட்ரிக். தொலைபேசிப் பொறியாளர்கள் போன இடமெல்லாம் தங்கள் ஜாக் பலகையையும் எடுத்துப் போனார்கள். ஒலிப்பதிவுக் கூடத்திலும் வானொலி நிலையத்திலும் எந்த மைக்கை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்பதைக் கயிறும் பின்னும்தான் முடிவு செய்தன. 1944-இல் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க வந்த கொலோசஸ் இயந்திரத்தை வடிவமைத்த டாமி ஃபிளவர்ஸ், தபால் துறையின் தொலைபேசிப் பொறியாளர். மின்னணுக் கணிப்பொறிகளின் முன்னோடியான அந்த இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க, அவர் தனக்குத் தெரிந்த சுவிட்சையும் ஜாக் பின்னையுமே வைத்தார். இருபது ஆண்டு கழித்து ராபர்ட் மூக் தன் சிந்தசைசரில் ஒலிகளைப் பின்னியதும் கால் அங்குலக் கயிறுகளால்தான்.

மின்சாரக் கிட்டார் அதைச் சொந்தமாக்கிக்கொண்டது. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடம்பில் ஜாக் சாய்வாக, ஒரு கிண்ணம் போன்ற குழிக்குள் உட்கார்ந்திருக்கும். எழுபது ஆண்டாகியும் அந்த இடமோ வடிவமோ மாறவில்லை. யு. ஸ்ரீநிவாஸ் சிறுவனாக மேடையேறி எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக ராகங்களை வாசித்தபோது, தந்தியின் அதிர்வு ஆம்பிளிஃபயருக்குப் போன வழியும் ஒரு கேபிள்தான். கமகத்தின் ஒவ்வொரு நெளிவும் ஒரு செப்புக் கம்பி வழியாக மின்னழுத்தமாகப் போய் ஸ்பீக்கரில் திரும்பவும் காற்றாயிற்று. நடுவில் யாரும் அதை எண்களாக மாற்றவில்லை, சுருக்கவில்லை. இதைத் தாழ்ந்த தொழில்நுட்பம் என்று நினைப்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. பின் நுழையும்போது அதன் முனை ஜாக்கின் மற்ற தகடுகளை உரசிக்கொண்டே போகிறது. ஆம்பிளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் பந்தல் அதிரும்படி ஒரு வெடிச்சத்தம் வருவது அதனால்தான். பாடகர்களின் மைக்குக்கு மூன்று ஊசி உள்ள எக்ஸ்எல்ஆர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஊசியை வாங்கும் பக்கத்து எக்ஸ்எல்ஆரில் தரையிணைப்பு முதலில் தொடும்படி செய்ய முடியும், சத்தம் வராது, பூட்டிக்கொள்ளவும் செய்யும்.

பின் சிறுத்தது டிரான்சிஸ்டரால். 1954-இல் ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை ரேடியோ அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சட்டைப்பைக்குள் போகிற ரேடியோவில் கால் அங்குலத் துளைக்கு இடமேது? அந்தப் பத்தாண்டில் 3.5 மி.மீ., 2.5 மி.மீ. பின்கள் பிறந்தன. குமிழ், இடுக்கு, தண்டு எல்லாம் அப்படியே, அளவு மட்டும் பாதி. ஒற்றைக் காதில் மாட்டும் இயர்போனுக்கு முனையும் உறையும் போதும், வளையம் தேவைப்படவில்லை. ரேடியோ ரிப்பேர் கடைகளில் ஈ.பி. பின் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இந்த 3.5-ஐத்தான்.

வளையத்துக்கு மறுபடி வேலை வந்தது ஸ்டீரியோவால். 1958-இல் மில்வாக்கியில் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். இடது காதுக்கு முனை, வலது காதுக்கு வளையம், இரண்டுக்கும் பொதுவான திரும்பும் பாதைக்கு உறை. தொலைபேசிக்காரர்கள் செய்துவைத்த மூன்று பகுதிகளும் ஒன்றுகூட மாறாமல் அப்படியே பொருந்தின. 1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்தபோது அந்த மூன்றும் 3.5 மி.மீ.க்குள் உலகெங்கும் போயின. முதல் வாக்மேனில் ஹெட்போனுக்கு இரண்டு ஜாக் இருந்தது; இருவர் சேர்ந்து கேட்க வேண்டும் என்று நினைத்துச் செய்திருந்தார்கள். நம் ஊருக்கு அது வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்களின் பெட்டியில்தான் பெரும்பாலும் வந்தது.

இனி, நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். பின்னைப் பாதி மட்டும் செருகி, அல்லது ஜாக் தேய்ந்துபோன ஃபோனில், பாட்டு கேட்டிருக்கிறீர்களா? வயலின்கள் கேட்கும், கிட்டார் கேட்கும், எதிரொலி மட்டும் குகையிலிருந்து வருவதுபோல் கேட்கும். பாடுகிறவரின் குரல் மட்டும் இருக்காது. எஸ்.பி.பி.யும் ஜானகியும் எங்கோ போய்விட்டிருப்பார்கள். ஃபோனில் பேய் புகுந்துவிட்டதோ என்று கடைக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு.

நடப்பது இதுதான். உறையின் இணைப்பு விட்டுப்போனால் பொதுவான திரும்பும் பாதை இல்லை. இடது காதின் மின்சாரம் வலது காது வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதாவது இரண்டு காதும் முனைக்கும் வளையத்துக்கும் நடுவே தொங்குகின்றன. தொலைபேசி இணைப்பகத்தில் கேட்கும் கருவி இருந்த அதே நிலை. இரண்டிலும் ஒரே அளவாக இருப்பது மறையும், வித்தியாசம் மட்டும் கேட்கும். பாடகரின் குரலை ஒலிப்பதிவாளர்கள் வழக்கமாக நடுவில், இடம் வலம் இரண்டிலும் சமமாக வைப்பார்கள். டிராம் இரைச்சலை அழிக்க வந்த கணக்கு, அந்தக் குரலையே இரைச்சலென்று எண்ணி அழித்துவிடுகிறது. மோனோவாகப் பதிவான பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டென்றால் அநேகமாக முழுப் பாட்டும் போய்விடும், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒன்றேதான். கராவோக்கே செயலிகள் பல காலமாகக் குரலை நீக்கியதும் இதே கழித்தல் கணக்கால்தான்.

செல்பேசி வந்ததும் குழப்பம் கூடியது. மைக்குக்கு ஒரு கம்பி வேண்டுமே என்று நான்காவது பகுதி சேர்த்தார்கள், இரண்டு வளையம் ஆயிற்று. எந்த வளையத்தில் மைக், எதில் தரையிணைப்பு என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. நோக்கியா ஒரு வரிசை, ஆப்பிள் அதற்கு நேர்மாறு. ஒன்றின் ஹெட்செட்டை மற்றதில் போட்டால் மேலே சொன்ன குரலில்லாப் பாட்டுதான். ஆனால் கம்பியில் இருக்கும் மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வரும். அந்தப் பொத்தான் மைக்கையும் தரையிணைப்பையும் ஒன்றாகச் சேர்க்கிறது, அறுந்த பாதை தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது. காரணம் தெரியாமலே இதைக் கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே ஊர் வரைக்கும் பஸ்ஸில் பாட்டு கேட்டுப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இந்தத் துளை வழியாகப் போகும் மின்சாரம் பாட்டா, பேச்சா, வேறெதாவதா என்று துளைக்குத் தெரியாது. அந்த அறியாமைதான் அதன் பெருமை என்று எனக்குத் தோன்றுகிறது. 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணிப்பொறியில் விளையாட்டுகள் கேசட்டிலிருந்து 3.5 மி.மீ. கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டே ஏறின. அமெரிக்காவில் ஸ்கொயர் நிறுவனம் கடன் அட்டையைத் தேய்க்கும் சின்னக் கருவியை ஃபோனின் ஹெட்போன் துளையில் மாட்டிவிட்டது. அட்டையின் காந்தப் பட்டை மைக்கில் விழும் ஒலிபோலவே உள்ளே போயிற்று. நம்மூரில் நோக்கியா ஃபோனில் எஃப்எம் கேட்க ஹெட்செட் போட வேண்டியிருந்ததும் இந்தத் தாராளத்தால்தான். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, 75 செ.மீ. கம்பி இருந்தால் நல்ல ஆண்டெனா. ஹெட்செட் கம்பி கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ஸ்பீக்கரில் கேட்க விரும்பினாலும் ஹெட்செட்டைச் செருகித் தொங்கவிட்டே ஆக வேண்டும். பெட்டிக்கடையிலும் வயல் வரப்பிலும் அந்தக் கம்பியில்தான் வானொலி வந்தது.

2016 செப்டம்பர் 7 அன்று ஆப்பிள் ஐஃபோன் 7-ஐ ஜாக் இல்லாமல் அறிமுகப்படுத்தியது. மேடையில் பில் ஷில்லர் அதற்கான காரணத்தை ஒரே சொல்லில், துணிச்சல் என்றார். முதலில் செய்தது ஆப்பிள் இல்லை. ஆப்போ 2012-இலேயே ஒரு மெல்லிய ஃபோனில் ஜாக்கை விட்டுவிட்டது, மோட்டோ இசட் அதே 2016-இல் முந்திக்கொண்டது. ஆனால் ஆப்பிள் செய்ததும் பலரும் செய்தார்கள். ஃபோனுக்குள் இடம் வேண்டும் என்று அவர்கள் சொன்னதை ஏற்கலாம். பின்னின் நீளம் 14 மி.மீ., அதற்கான கூட்டோடு சேர்த்தால் இன்றைய ஃபோனில் அது பெரிய நிலம். தண்ணீர் புகாமல் காக்க என்று சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. அதே ஆண்டு வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7, ஜாக்கையும் வைத்துக்கொண்டு ஐஃபோன் 7-ஐவிட மேலான நீர்க்காப்புத் தரம் பெற்றிருந்தது.

போனதென்ன என்று பார்க்க வேண்டும். 3.5 பின்னைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ரிச்சி தெருவில் தனியாகப் பின் வாங்கி, பழுதான ஹெட்போனில் நாமே பற்றவைத்துக்கொள்ளலாம். அதன் இடத்தில் வந்த காதுமொட்டுகளுக்குள் பசைபோட்டு அடைத்த பேட்டரி இருக்கிறது. சில ஆண்டில் பேட்டரி சோர்ந்தால் காதுமொட்டும் முடிந்தது. டைப்-சி துளைக்கு மாற்றுக் கேபிள் வாங்கப் போனால் வேறு புதிர். சில ஃபோன்கள் அந்தத் துளை வழியாகவே பழையபடி ஒலி அலையை அனுப்பும். மற்றவை எண்களைத்தான் அனுப்பும், அவற்றை ஒலியாக்கும் சில்லு கேபிளுக்குள்ளேயே இருக்க வேண்டும். பார்வைக்கு இரண்டு கேபிளும் ஒன்றுபோலத்தான். நண்பரின் ஃபோனில் பாடுகிற கேபிள் நம் ஃபோனில் ஊமையாவது இதனால். வாங்கும்போது உள்ளே டிஏசி சில்லு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இசை வாசிப்பவர்களுக்குத் தாமதம்தான் பெரிய பிரச்சினை. ப்ளூடூத்தில் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல், பின்தங்கி வரும். படம் பார்க்கிறவருக்குச் செயலி சரிக்கட்டிவிடும். கீபோர்டில் விரலை வைத்தவருக்கு அது தாளத்தையே குலைத்துவிடும். அதனால் கீபோர்டு, கிட்டார், மிக்சர் எதிலும் ஜாக் போகவில்லை. பெரும்பாலான மடிக்கணினிகளிலும் போகவில்லை. 2015-இல் ஆப்பிள் தன் மெல்லிய மேக்புக்கில் எல்லாத் துளைகளையும் அடைத்து ஒரே ஒரு டைப்-சி வைத்தபோது, அதற்குத் துணையாக விட்டுவைத்தது ஹெட்போன் ஜாக்கை மட்டும். 2021 மேக்புக் ப்ரோவில் அதே நிறுவனம் ஜாக்கை இன்னும் மெருகேற்றியது. செருகப்பட்ட ஹெட்போனின் மின்மறுப்பை அது தானே அளந்து பார்க்கிறது. 150 ஓமுக்குக் கீழே என்றால் 1.25 வோல்ட் வரை, அதற்கு மேல் 1000 ஓம் வரை என்றால் 3 வோல்ட் வரை கொடுக்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் வைத்திருக்கும் கனமான ஹெட்போன்களைத் தனி ஆம்பிளிஃபயர் இல்லாமல் இப்போது அதில் நேரடியாகச் செருகலாம்.